வளைவில் போட்ட சிலுவை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதுளைப் பக்கம் ஹாலிஎல சந்தியில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். இறங்கும்போது எனக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டிய விதத்தால் அல்ல... தம்பி நன்றாகத்தான் ஓட்டினார்.

பெயர் கஜன். முப்பது வயது இருந்தால் அதிகம். முன் கண்ணாடியில் முருகன், பக்கத்தில் வாடிய மல்லிகைச் சரம். நான் போக வேண்டிய தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார். பருத்திச் சேலை, நெற்றியில் பொட்டு, மடியில் குடை.

"பிள்ளைக் காம்பரா கூட்டத்துக்கா டீச்சர்?"

டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். குடையைப் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறதாம்! சிரித்துக்கொண்டே "ஆமா தம்பி" என்றேன்.

"நல்லதுங்க. நம்மாளுங்க நாலு பேரு வந்து தட்டிக் கேட்டாத்தான் சரிவரும். அந்த வேதக்கார ஆயா இருக்கே... அது நம்ம புள்ளைங்கள மெதுமெதுவா வேதத்துல சேக்கப் பாக்குதுங்க. எம் மக மூனு வயசுங்க டீச்சர். சோத்துத் தட்டுக்கு முன்னால ஒக்காந்து சிலுவை போடுது! நான்தான் போன்ல புடிச்சி குரூப்ல போட்டேன்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஏனென்றால், அந்த வேதக்கார ஆயா என் தங்கை ஸ்டெல்லா. சொந்தச் சித்தியின் மகள். அப்புறம், நானும் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள்தான். இந்தப் பத்திரிகைப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். என் கிறிஸ்மஸ் கேக் கருகிய கதையை மூன்று தடவையாவது எழுதியிருப்பேன். ஆனால் கஜன் என் பத்தியைப் படிப்பவர் இல்லை போலிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பொட்டு வைப்போம், பூ வைப்போம், தாலி கட்டிக்கொள்வோம் என்பதும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பொட்டைப் பார்த்தார், என்னை "நம்மாளு" ஆக்கிவிட்டார்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

பிள்ளைக் காம்பரா என்றால், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். வெளியே பலகையில் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன்னால், பாதித் தூக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் போர்வையோடு ஆயம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். ஸ்டெல்லா அந்த ஆயம்மாவாகப் பதினெட்டு வருடம் இருக்கிறாள். அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இப்போது அவளிடமே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம். பத்து மணிக்கு இலைக்கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் தன் நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் கை வைத்து ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். தனக்குத்தான். பிள்ளைகளுக்குப் போடுவதில்லை, போடச் சொல்வதுமில்லை. பதினெட்டு வருடமாக யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

அப்போதுதான் கஜன் போட்ட அந்த வீடியோ வந்தது. கூடவே ஆத்திரமாக ஒரு குரல் பதிவும்.

ஸ்டெல்லா அழுதுகொண்டு எனக்கு போன் எடுத்தாள். வீடியோவையும் அனுப்பினாள். பார்த்தேன். சின்னப் பெண், வாயெல்லாம் பருப்பு. நெற்றி, நெஞ்சு, தோள், தோள். பிறகு விரல்களைக் குவித்து ஒரு முத்தம். பிறகு தட்டின் விளிம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு... டப், டப். அந்தத் தட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் எதற்கோ தட்டும். விட்டுவிட்டேன்.

"ஸ்டெல்லா, நீ கண்டுக்காத" என்றேன். "நாலு நாள் பேசுவாங்க, அஞ்சாம் நாள் மறந்துருவாங்க. கொஞ்ச நாளைக்கு மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ. வெளிய எதுக்கு?"

"எதுக்குக்கா மனசுக்குள்ள? நான் என்ன களவா எடுக்குறேன்?"

கரண்ட் போகப்போகிறது என்று ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டுகொள்ளாமல் விடுவதில் நான் கைதேர்ந்தவள். பல வருடத்துக்கு முன் பதுளை டவுனில் வாடகைக்கு வீடு தேடினோம். வீட்டுக்கார அம்மா அன்பாகத் தேநீர் கொடுத்தார், கிணற்றைக் காட்டினார், சாவிகூடக் கையில் வந்துவிட்டது. அப்போதுதான் என் முழுப் பெயரைக் கேட்டார். "அடடா... வேதமா? நாங்க ஒன்னும் வித்தியாசம் பாக்கிறதில்லம்மா, ஆனா இந்த வீட்டுல சாமி ரூம் இருக்கே" என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன், தேநீர் நன்றாயிருந்தது என்றேன், வந்துவிட்டேன். அதை என் பெருந்தன்மை என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வீடு கிடைத்தது. அதனால் பெருந்தன்மையாக இருக்க முடிந்தது.

ஸ்டெல்லாவுக்கு வேறு பிள்ளைக் காம்பரா ஏது?

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. பதினெட்டுப் பிள்ளைகள் வந்த இடத்தில் ஒன்பது ஆனது. பிறகு ஐந்து. கடைசியாக ஒரே ஒரு பிள்ளை. மற்றத் தாய்மார் கொழுந்து மலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார்கள், அல்லது பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டார்கள். தோட்டத்து நலன்புரி அதிகாரி (எல்லோருக்கும் அவர் 'மிஸ்') ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று அறிவித்தார். தாய்மார் வேண்டாம் என்றால் ஆயம்மாவை மாற்றத்தான் வேண்டும். அவ்வளவுதான், வேறு பேச்சில்லை.

அந்தக் கூட்டத்துக்குத்தான் நான் கஜனின் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது ஆட்டோவுக்கு வருவோம்.

தோட்டத்துப் பாதையில் ஏழாவது வளைவு மோசமான வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அந்த இடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் புனித அந்தோனியார் சுரூபம். எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது. அங்கே மெழுகுதிரியும் எரியும், கற்பூரமும் எரியும். செவ்வாய்க்கிழமைகளில் யார் யாரோ பூ வைத்துவிட்டுப் போவார்கள். லொறி, பஸ், ஆட்டோ எதுவானாலும் அங்கே கொஞ்சம் மெதுவாகித்தான் ஏறும்.

கஜன் அப்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தார். "இப்புடியே வுட்டா நாளைக்கு நம்ம கோயில்ல வெளக்குப் போட ஆளிருக்காதுங்க டீச்சர்..."

பேச்சு நிற்கவில்லை. வண்டி மெதுவானது. அவருடைய வலது கை ஹேண்டிலை விட்டு மேலே போனது. நெற்றி. நெஞ்சு. தோள். தோள். விரல்களைக் குவித்து ஒரு முத்தம். பிறகு ஹேண்டிலில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

டப், டப்.

நம்புவீர்களா? கண்ணால் பார்த்த எனக்கே நம்ப முடியவில்லை. அவருக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியவில்லை! ஒரு தும்மல் வந்துபோன மாதிரி, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேதக்கார ஆயாவைத் திட்டிய அதே வாக்கியத்தின் நடுவில் சிலுவை போட்டு முடித்து, அந்த வாக்கியத்தையும் முடித்தார்.

நான் என்ன சொன்னேன்?

ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. "ம்ம்" என்றேன். பத்தியில் வீரமாக எழுதுகிறவள், வாசகர்களிடம் "துணிச்சல்" என்று கடிதம் வாங்குகிறவள்... ஆட்டோவில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது "ம்ம்" என்றேன். இறங்கும்போது கால் நடுங்கியது இதனால்தான்.

பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் நாற்பது பேர் இருப்பார்கள். ஸ்டெல்லா சுவரோடு ஒட்டி நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோயில் கமிட்டித் தலைவர் பேச்சைத் தொடங்கினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

"ஆயம்மா மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லிங்க. தங்கமான பொம்பள. ஆனா..."

இந்த "ஆனா" இருக்கிறதே! நேரடியாகத் திட்டினால் திருப்பித் திட்டலாம். தங்கம் என்று சொல்லிவிட்டு "ஆனா" போட்டால் எங்கே பிடிப்பது?

அந்த "ஆனா"வுக்குப் பின்னால் எல்லாம் வந்தன. கஞ்சியில் மந்திரித்த தண்ணீர் கலக்கிறாளாம். பிள்ளைகளைத் தூங்கவைக்க வேதப் பாட்டுத்தான் பாடுகிறாளாம். ஒரு தாய் எழுந்தாள். "காலையில புள்ளைக்குத் திருநீறு பூசி அனுப்புறேன். சாயங்காலம் வந்து பாத்தா நெத்தியில ஒன்னுமில்ல. அழிச்சிப்புடுறாங்க."

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். "ரெண்டு தரம் மொகம் கழுவி வுடுறேனே தாயி... போகாதா?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அவள் சளி துடைத்திருக்கிறாள். எப்படி முடிகிறது? பதினெட்டு வருடம் ஒரு வீடியோவில் அழிந்துபோகுமா?

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். "நான் ஸ்டெல்லாவோட அக்கா. நானும் வேதம்தான்" என்றேன்.

பின்னால் நின்ற கஜனின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! என் பொட்டையே வெறித்துப் பார்த்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"நாங்க பரம்பரை பரம்பரையா கத்தோலிக்க ஆளுங்க. உங்க கூடவே இந்த மலைக்கு வந்தவங்க. யாரையும் மதம் மாத்துறதில்ல. வீடு வீடா வந்து ஆள் புடிக்கிற சபைக்காரங்க வேற, நாங்க வேற" என்றேன். மேசையில் லேசாகத் தட்டவும் செய்தேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். "அதானே!" என்றார் ஒருவர். "அந்தச் சபைக்காரங்கதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றார் இன்னொருவர். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

அங்கே தூணருகில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. பெயர் புவனா என்று பிறகு தெரிந்துகொண்டேன். பொட்டில்லை, கழுத்தில் நகையில்லை. ஹாலிஎலப் பக்கம் ஒரு ஜெபச் சபைக்குப் போகிறவள். கடைசி வரைக்கும் தன் பிள்ளையை ஸ்டெல்லாவிடம் விட்ட அந்த ஒரே தாய் அவள்தான்.

"நான் யாரையும் புடிக்கலிங்க டீச்சர்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர்கள் என் தங்கைக்குச் செய்ததை நான் இரண்டே நிமிடத்தில், மேசையைத் தட்டி, இன்னொருத்திக்குச் செய்துவிட்டேன். அடி என் மேல் விழாமலிருக்கப் பக்கத்தில் நின்றவளைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறேன். அதற்கு எனக்குத் தலையாட்டல் வேறு!

ஸ்டெல்லாதான் பேசினாள். "அக்கா, நீ ஒக்காரு. புவனா புள்ளையும் எம் புள்ளதான். இங்க இருக்க எல்லாம் எம் புள்ளைங்கதான். நான் சிலுவை போட்டது நெசம். எனக்குப் போட்டேன். ஒங்க புள்ளைக்கு நான் சொல்லிக்குடுக்கல."

"அப்ப எம் புள்ள யாருகிட்டக் கத்துக்கிச்சி?" கஜனின் குரல்.

இந்தத் தடவை "ம்ம்" என்று சொல்லவில்லை. "தம்பி, அந்த வீடியோவைப் போடுங்க" என்றேன். "சத்தத்தை நல்லாக் கூட்டிப் போடுங்க."

போட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நெற்றி, நெஞ்சு, தோள், தோள். முத்தம். டப், டப்.

"இப்ப ஸ்டெல்லா எப்புடிப் போடுறா பாருங்க" என்றேன். அவள் போட்டாள். கை தோளோடு நின்றது. முத்தமில்லை, தட்டுமில்லை.

"தம்பி, இன்னைக்குக் காலையில அந்தோனியார் வளைவுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"நானா? ஒன்னும் செய்யலிங்களே" என்றார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருந்தது. முன் வரிசையில் மகளை மடியில் வைத்திருந்த அந்தப் பெண், ஒரு நொடி வாயில் கை வைத்தாள். பிறகு வெடித்தாள்.

"அடப்பாவி மனுசா! தெனமும் புள்ளய முன்னால நிக்கவச்சி வண்டியில கூட்டிட்டு வாறது நீதானே! அந்த வளைவுல நீ போடுறதத்தான் அது போடுது. ஹேண்டில்ல தட்டுறத தட்டுல தட்டுது!"

மகள் சந்தோஷமாக நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் மறுபடி செய்துகாட்டினாள்.

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. கஜன் சிரிக்கவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போய் என்னிடம் கேட்டார். "அது அந்தோனியாருங்களே டீச்சர்... அது நம்ம சாமி. அந்தோனியாரு எப்புடிங்க வேதமாவாரு?"

இந்தக் கேள்விக்கு எந்தக் குருவானவரிடமும் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தோனியாரை நெஞ்சில் வைத்திருக்கிற மனிதர்... அந்தோனியாரைக் கும்பிடுகிறவளை மட்டும் வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாங்கள்தான் இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் இருந்தோமே!

ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மிஸ் தன் குறிப்புக் கொப்பியை மூடினார். ஆயம்மாவை மாற்றுவதில்லை என்று முடிவு. தலைவரும் எழுந்து, "சரி சரி, நாளையிலருந்து வழக்கம் போலப் புள்ளைங்கள வுடுங்க. ஆயம்மா, நீங்களும் இனிமே... கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் கலைந்தார்கள். நாலைந்து பேர் என்னிடம் வந்து நன்றாகப் பேசினேன் என்றார்கள். நான் அந்தப் பெருமையில் இருந்தேன்.

தண்ணீர்ப் பைப்படியில் புவனாவைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பரவால்லிங்க டீச்சர். எங்களுக்குப் பழகிருச்சி" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். புவனா, இதை நீ படிக்க மாட்டாய். இருந்தாலும் மறுபடி கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

திரும்பும்போதும் கஜனின் ஆட்டோதான். ஏழாவது வளைவு வந்தபோது இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தார்; கண்ணாடியில் என்னைப் பார்த்தார், கையைத் தூக்குவதா வேண்டாமா என்று.

"கும்பிடுங்க தம்பி. இது இறக்கம். உங்க பிரேக்கை மட்டும் நம்பி வர எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

போட்டார். டப், டப்பும் தட்டினார். சந்தியில் இறக்கிவிடும்போது, "அக்கா, நாளைக்குப் புள்ளய வுட்டா ஆயம்மா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார். டீச்சராக இருந்த நான் அக்காவாகியிருந்தேன். நீங்களே போய்க் கேளுங்கள் என்றேன்.

கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை ஸ்டெல்லா போன் எடுத்தாள். விடியற்காலையில் முதல் ஆளாக மகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தவர் கஜன்தானாம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம். பிள்ளையை நீட்டிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றாராம். "அது போதும்க்கா" என்றாள். பதினாறு பிள்ளைகள் வந்துவிட்டன, மிச்சம் இரண்டுக்கும் காய்ச்சல் என்றாள். குரலில் பழைய தெம்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, எதிர்த்து நின்றால் இப்படித்தான் என்று இந்தப் பத்திக்கு முடிவுகூட மனதில் எழுதிவிட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "கஞ்சி ஊத்துறதுக்கு முன்னால வழக்கம் போலக் கும்பிட்டியா?"

யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"தலைவரு கொஞ்சம் பாத்துக்கச் சொன்னாருல்லக்கா... அதான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்."

பாத்துக்கங்க என்றுதான் தலைவர் சொன்னார். மனசுக்குள்ள என்று சொல்லிக்கொடுத்தது நான்.